காலி இடத்தில் இருபத்திரண்டு

6

“பதினெட்டுன்னு எழுதுவாங்க. இருபதுன்னு எழுதுவாங்க. இந்த இருபத்திரண்டை யாரும் மனசுல இருந்து எடுத்து எழுத மாட்டாங்க டீச்சர்,” என்றார் ஜெபமணி. “இது எங்கேயோ எண்ணினது.”

சியாமளா மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். பளபளவென்று அட்டை. உள்ளே நாற்பது கணக்குப் பாடங்கள். நாற்பதும் அவளுடையவை. அட்டையில் இருந்ததோ ஹிஞ்சேவாடியில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர்.

மூன்று வருட உழைப்பு. சிஞ்ச்வட்டில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில், கணக்கு வகுப்பு என்றாலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவர்களை அவள் தெருவுக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் டாங்கரில் எத்தனை வாளி நிற்கும்? வடாபாவ் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எத்தனை வடை போடுகிறார்? முப்பது பேர் நிற்கிற பஸ் ஸ்டாப்பில் எத்தனையாவது ஆளுக்கு சீட் கிடைக்காது? பிள்ளைகள் எண்ணினார்கள், அளந்தார்கள், சண்டை போட்டார்கள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

ஏப்ரலில் இந்தப் புத்தகம் வந்தது. பாடங்கள் எப்படிக் கிடைத்தன என்று பள்ளி கேட்டதற்கு, ‘உருவாக்கியவரிடமிருந்தே முறைப்படி பெற்றோம்’ என்று கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது. உருவாக்கியவர் என்றால் சியாமளாதானே? பள்ளிப் பாடத்தை வெளியே கொடுத்த குற்றத்துக்கு இன்று நாலு மணிக்கு விசாரணை. கொடுத்தது யார் என்று அதற்குள் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும். கூடவே வரும் கடிதத்தில் ‘நம்பிக்கைத் துரோகம்’ என்ற இரண்டு சொல் இருக்கும். அதற்கப்புறம் புனேயில் எந்தப் பள்ளியும் அவளைப் படியேற்றாது.

இப்போது மணி பதினொன்று.

ஜெபமணியின் துப்பறியும் அலுவலகம் கட்கி பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் அளவு சோதித்த பெண்மணி அவர். மயிரிழை பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிய கை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு ஆட்களைச் சோதிக்கிறார்.

“ஒன்பதாவது பாடத்தை இன்னொருக்கா வாசில,” என்றார் உதவியாளனிடம்.

உதவியாளன் ரமேஷ், கல்யாண விசாரணையில் பெயர் வாங்கியவன். இதுவரை பதினாறு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறான். அந்தப் பாவத்தில்தான் தனக்குப் பெண் கிடைக்கவில்லை என்பான்.

“கேளுங்க. ‘உன் நண்பன் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. முதல் மாடிக்கு 22 படி. அதற்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் 18 படி. வினாடிக்கு இரண்டு படி ஏறினால் எத்தனை வினாடியில் போவாய்?’ அக்கா, அஞ்சு மாடி ஏற சொல்ற நண்பன் இன்னா நண்பன்? கீழ வாடான்னு ஒரு போன் போட்டா முடிஞ்சிது.”

“விடையைச் சொல்லு.”

“தொண்ணூத்தி நாலு படி. நாப்பத்தேழு செகண்டு. எனக்குன்னா நடுவுல ஒரு சாய்.”

ஜெபமணி சியாமளாவின் கோப்பைப் புரட்டி அதே பாடத்தை எடுத்தார். படத்தில் அதே காட்சி, அதே வரிகள். ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கோடு.

“இங்க காலியா கிடக்கே?”

“அப்படித்தானுங்க மேடம் என் பாடம். நான் ஒரு நம்பர்கூடக் குடுக்க மாட்டேன். பசங்க போய் எண்ணிட்டு வந்து அவங்கவங்க நம்பரைப் போடணும். முப்பத்தெட்டுப் பேருக்கு முப்பத்தெட்டு விடை வரும்.”

“திருத்துறவ பாடு?”

“என் பாடுதானுங்க.” கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். “ஹெட்மிஸ்ட்ரஸ் மெமோகூடக் குடுத்தாங்க, நம்பரை அச்சடிச்சுக் குடுன்னு. முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“கணக்கு டீச்சர் நம்பரே இல்லாம பாடம் எடுக்கிறது, பாய் கடையில கறி இல்லாம பிரியாணி போடற மாதிரி,” என்றான் ரமேஷ்.

ஜெபமணி சிரிக்கவில்லை. “அப்போ கோப்பைத் திருடினவன் கையில வெறும் கோடுதான் இருந்திருக்கு. அச்சடிக்க நம்பர் வேணும். அவசரத்துக்குத் தன் கண்ணு முன்னால இருந்ததை எண்ணிப் போட்டிருக்கான். முதல் மாடிக்கு மட்டும் நாலு படி கூட. கீழே கார் நிறுத்துற கட்டடம். இந்த மாடிப்படி எங்க இருக்கோ, அங்க இருக்கான் நம்ம ஆளு. கோப்பு யார் யார் கைக்குப் போச்சு?”

“ஒரே ஒருத்தர்தான். பி செக்‌ஷன் நீலா மிஸ். ஜனவரியில வாங்கிட்டுப் போனாங்க. இங்க கட்கியிலதான் வீடு.” சியாமளா புத்தகத்தைத் தள்ளி வைத்தாள். “அவங்கதான் மேடம். எனக்கு நல்லாத் தெரியும்.”

“தெரியும்னா என்கிட்ட ஏன் வந்தீங்க?” என்று எழுந்தார் ஜெபமணி.

*

நீலாவின் வீடு பழைய கல் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ரமேஷ் முன்னால் ஏறினான்.

“பதினாலு. அதுல ஒண்ணு ஒடைஞ்சது. பதிமூணரைன்னு வெச்சிக்கலாம்.”

கோடை விடுமுறையில் வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள் நீலா. முழங்கைவரை மாவோடு கதவைத் திறந்தவள், சியாமளாவுக்குப் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தாள். கோப்பைக் கேட்டதும் உள்ளே போய்க் கொண்டுவந்து வைத்தாள்.

ஜெராக்ஸ் பக்கங்கள் ஓரம் கிழிந்திருந்தன. ஒவ்வொரு பாடத்தோடும் பிள்ளைகளின் தாள்கள் கட்டுக்கட்டாக. கோடுகளுக்கு மேல் பென்சிலில் கோணல்மாணலாக எண்கள். ஒன்பதாவது பாடத்தில் பதினொன்று இருந்தது, பதினாறு இருந்தது. ஒரு பிள்ளை ‘எங்கள் வீட்டுக்குப் படி இல்லை, ஏணி, 9’ என்று எழுதியிருந்தது. இருபத்திரண்டு எங்குமே இல்லை.

“என் வகுப்பும் உங்களை மாதிரியே எண்ணட்டும்னு வாங்கினேன் மிஸ்,” என்றாள் நீலா. “நான்தான் வித்தேன்னு நினைச்சீங்களா?”

சியாமளா தரையைப் பார்த்தாள்.

“ஸ்டாஃப் ரூம்ல ஒரே டப்பாவுல சாப்பிட்டோம். நேரா கேட்டிருக்கலாம். டிடெக்டிவை கூட்டிட்டு வந்திருக்கீங்க.” நீலா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “நானும் ஒண்ணு கேக்கறேன். முதல் பக்கத்துல உங்க பேர் மட்டும் இருக்கு. இந்தப் படமெல்லாம் நீங்க வரைஞ்சதா?”

“இல்ல. என் ஃப்ரெண்டு தேஜஸ்வினி.”

“அவங்க பேர் எங்க?”

“ஸ்கூல் ஃபாரத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு.”

“ம்,” என்றாள் நீலா. அவ்வளவுதான். கதவு சாத்தும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

*

ரமேஷின் பழைய வேன் தாபோடி பாலத்து நெரிசலில் நின்றபோது தேஜஸ்வினியே போன் செய்தாள். சியாமளா ஸ்பீக்கரில் போட்டாள்.

தேஜஸ்வினி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சியாமளா குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியிலேயே பி விங்கில் இருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து மராத்தி தெரியாமல் விழித்த சியாமளாவுக்குக் காய்காரரிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அவளுக்குத் தமிழ் சரளமாகப் பேச வராதே தவிர, பாசத்துக்குக் குறைவில்லை.

“சியாமு, என்ன ஆச்சு? நீலாதானே?”

“இல்ல தேஜு. நீலா இல்ல.”

“டென்ஷன் கேவூ நகோ, கவலைப்படாதே. நான் இருக்கேன் இல்ல?”

“நீ வரைஞ்ச ஒரிஜினல் படமெல்லாம் வேணும். ஒவ்வொண்ணுலயும் மூலையில தேதி போட்டிருப்பியே. புத்தகத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நம்மகிட்ட இருந்துச்சுன்னு காட்டலாம். நாங்களே வந்து வாங்கிக்கறோம்.”

“வர நகோ. நானே மூணரைக்கு ஸ்கூல் கொண்டு வர்றேன். இன்னிக்கு குருவார், லைட் இல்ல, லிஃப்ட் பந்த். நீ ஏன் சும்மா ஏறணும்?”

போனை வைத்ததும் சியாமளாவுக்குக் கண் கலங்கியது. “பாத்தீங்களா மேடம்? வியாழக்கிழமை கரண்ட் இருக்காதுன்னு எனக்காக யோசிக்கறா. இன்னிக்கு எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்.”

ஜெபமணி ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். “லிஃப்ட் இல்லன்னா என்ன, படி இருக்குல்லா. ரமேஷ், நேரா அங்கேயே விடு.”

“அக்கா, முட்டி வலின்னு போன வாரம்தான்...”

“விடுல.”

*

அந்த சொசைட்டி ஒரு சரிவில் கட்டப்பட்டது. ஏ விங் மேட்டில். பி விங் கீழே, நாலா ஓடை ஓரமாக. இரண்டும் ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே வரைபடம், ஒரே பழுப்பு ஓடு. சியாமளா ஏ விங்கில் இரண்டாவது மாடி. தினமும் படியில்தான் போவாள். தேஜஸ்வினி ஐந்தாவது மாடி என்பதால் அங்கே மட்டும் எப்போதும் லிஃப்ட்.

மூன்று வருடம் பிள்ளைகளை எண்ணச் சொன்னவளுக்கு எண்ணாமல் படியேறத் தெரியாது. தன் வீட்டில் முதல் மாடிக்கு இருபது. இங்கேயும் கால்கள் தாமாக எண்ணிக்கொண்டு போயின. பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

தளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு படி. அதற்கு மேல் இன்னொன்று.

சியாமளா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். சரிவு. வாசல் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது, அதனால் இரண்டு படி கூட. எவ்வளவு எளிய கணக்கு.

அடுத்த மாடிக்குப் பதினேழாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஏறினாள். பத்தொன்பதாக இருந்தாலும் போதும். பதினெட்டு. அதற்கடுத்தது பதினெட்டு. நாலாவது மாடியில், சின்ன வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, வேண்டுமென்றே தப்பாக எண்ணிப் பார்த்தாள். கால்கள் ஏமாறவில்லை. ரமேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“நானும் எண்ணினேன் டீச்சர்,” என்றார் ஜெபமணி, மூச்சு வாங்க. “பெல் இருக்காது. தட்டுங்க.”

கதவைத் திறந்த தேஜஸ்வினி, “அரே, வர நகோன்னு சொன்னேன்ல?” என்றாள்.

“தொண்ணூத்தி நாலு,” என்றாள் சியாமளா.

எதில் தொண்ணூற்று நாலு என்று தேஜஸ்வினி கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

நாலு பேரும் உள்ளே உட்கார்ந்தார்கள். மின்விசிறி நின்றிருந்தது. தேஜஸ்வினி பேசத் தொடங்கினாள்.

“காலி இடம் இருந்தா புக் இல்ல, ஃபார்ம்னு சொன்னாங்க. ஒரே நாள்ல ஃபில் பண்ணச் சொன்னாங்க. என்னோட படி, என்னோட பக்கெட், என்னோட கேட்... எல்லாம் நான் எண்ணினேன்.”

“ஏன் தேஜு?”

“ஒன் சிக்ஸ்டி படம் சியாமு. நூத்தி அறுபது. பேர் போடுன்னு மூணு தடவை கேட்டேன். நீ அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொன்ன. அவங்க அட்டையில போடறோம்னு சொன்னாங்க.”

“போட்டாங்களா?” என்று கேட்டார் ஜெபமணி.

“கம்ப்யூட்டர்ல புதுசா வரைஞ்சுட்டாங்க. படமும் என்னோடது இல்ல, பேரும் இல்ல. ஒரிஜினல் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு.”

மூன்றரைக்குக் கொண்டு வருவதாகச் சொன்ன படங்கள் இந்த வீட்டிலேயே இல்லை. ஆனால் மூன்று தடவை கேட்டது உண்மை. மூன்று தடவையும் இவள் சிரித்து மழுப்பியதும் உண்மை.

“நாலு மணிக்கு வந்து உண்மையைச் சொல்லுவியா?”

“சொல்றேன். முதல்ல நீ எழுதிக் குடு. நாம ரெண்டு பேரும் செஞ்சதுன்னு. அது ஒண்ணுதான் நான் கேட்டது.”

சியாமளா பேனாவை எடுத்தாள்.

“எழுதுறதா இருந்தா அவங்க எழுதட்டும்,” என்றார் ஜெபமணி. “நீங்க வேண்டாம்.”

“இது நான் செஞ்ச தப்புங்க மேடம். நான்தான் சரி பண்ணணும்.” எழுதினாள். ‘இந்த நாற்பது பாடங்களையும் நானும் தேஜஸ்வினியும் சேர்ந்து உருவாக்கினோம்.’ கையெழுத்துப் போட்டாள். தேஜஸ்வினி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பள்ளி வாசலில் வேனை விட்டு இறங்கும்போது ஜெபமணி அவள் முழங்கையைத் தொட்டார். “உள்ள அவங்க என்ன சொன்னாலும் ஏன்னு கேக்காதீங்க டீச்சர். ஏன்னு கேட்டா ஆயிரம் பதில் இருக்கு. எப்படின்னு கேளுங்க.”

*

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் செயலாளர் பத்ரிநாத், பக்கத்தில் தலைமையாசிரியை. தேஜஸ்வினி எழுந்து நின்று, மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

“இவரே எழுதிய கடிதம். பாடங்கள் எங்கள் இருவருக்கும் சொந்தம். கம்பெனிக்கு நான் கொடுத்தேன். இருவரும் பேசி முடிவு செய்துதான் கொடுத்தோம். இவருக்கு எல்லாம் தெரியும்.”

ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் தடுமாறுகிறவள் இதில் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

சியாமளாவுக்கு அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலிருந்தது. திருட்டு என்று சொல்ல இனி வழியில்லை. உருவாக்கியவர் கொடுத்தார் என்ற கம்பெனியின் பொய்யை, தன் கையெழுத்தாலேயே மெய்யாக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். இந்தக் கடிதத்துக்காகத்தான் அந்த அழுகையா? ஏன் தேஜு என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

“ஒன்பதாவது பாடத்தில் இருபத்திரண்டு என்ற எண் எப்படி வந்தது?” என்று தேஜஸ்வினியிடம் கேட்டாள்.

தேஜஸ்வினி எதிர்பார்க்கவில்லை. “நீதான் சொன்னாய். நான் எழுதினேன்.”

“மற்ற பாடங்களில்?”

“எல்லாமே நீ சொன்னதுதான். நாற்பதுக்கும்.”

சியாமளா தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினாள். “மேடம், ஆகஸ்டில் எனக்கு ஒரு மெமோ கொடுத்தீர்கள். என் பதிலும் அந்தக் கோப்பில் இருக்கும். படிக்க முடியுமா?”

தலைமையாசிரியை புரட்டினார். அந்தப் பதிலைப் படித்த நாளில் வந்த எரிச்சல் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. படிக்கப் படிக்க அது மாறியது.

“‘எண்களை அச்சடித்துத் தர என்னால் முடியாது. வேலை போனாலும் செய்ய மாட்டேன். எண்ணுவது குழந்தையின் வேலை. எண்ணைக் கொடுத்துவிட்டால் இது என் பாடமே அல்ல.’”

“வேலை போனாலும் தர மாட்டேன் என்று உங்களுக்கே எழுதிக் கொடுத்தவள், ஒரு கம்பெனிக்கு நாற்பது பாடத்துக்கும் எண் சொல்லியிருப்பேனா?” என்றாள் சியாமளா. “பாடத்தை உருவாக்கியதில் இவருக்குப் பங்கு உண்டு. நான் எழுதிய கடிதம் உண்மை. அதை மறுக்க மாட்டேன். எனக்குத் தெரியும் என்று இவர் சொல்வதுதான் பொய்.”

பத்ரிநாத் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் எண்கள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது தேஜஸ்வினி ஜன்னலுக்கு வெளியே ஆள் இல்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜூனில் வகுப்புக்கு வாருங்கள்,” என்றார் அவர் சியாமளாவிடம். பிறகு காகிதத்தை இழுத்துக்கொண்டார். “கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அதில் இவரையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இவர் உங்களுக்கு யார்?”

தேஜஸ்வினி திரும்பினாள். அன்று முதல் தடவையாக அவள் கண்ணில் பயம் தெரிந்தது. வழக்குக்குப் பயந்த பயம் அல்ல அது. இந்த ஒரு பதிலுக்கான பயம்.

சியாமளா அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கள் சொசைட்டியில் குடியிருக்கிறார். பி விங்.”